தாழ்வான பகுதின்னா யார் வீடு?

2018 நவம்பர் 15, சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். வேதாரண்யத்துக்குப் பக்கத்துல ஒரு கடலோர கிராமம், ஊர் பேர் வேணாம். நான் அப்ப ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல ஃபீல்டு ஸ்டாஃபா இருந்தேன். கஜா புயல் ராத்திரி கரையைக் கடக்கப் போகுதுன்னு சொல்லியாச்சு, தலையாரி ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்னு வீடு வீடா போய் ஆளுங்களை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கிட்டு இருந்தோம். தெருக்கோடியில ஒரு ஓலை வீடு, வாசல்ல ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியிருக்கும். காத்து எவ்வளவு வேகத்துல வரும், கடல் எவ்வளவு தூரம் உள்ள ஏறும், கூரை தாங்காதுன்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னேன். "நான் 77 புயலையே பாத்தவ பாப்பா"ன்னாங்க. மறுபடி சொன்னேன். பொறுமையா கேட்டுக்கிட்டு, "சரி நீ போ, நான் பின்னாடியே வந்துர்றேன்"னாங்க. நோட்டுல அவங்க பேருக்கு நேரா டிக் போட்டுட்டு நான் அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்.

அவங்க வரலை.

நடுராத்திரிக்கு மேல கூரை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பக்கத்துல தொகுப்பு வீட்டுல இருந்தவங்க இழுத்துட்டுப் போய் உள்ள படுக்க வெச்சதால உசுரு தப்புச்சு. ரெண்டு நாள் கழிச்சு போய் ஏம்மா வரலைன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசலை, அப்புறம் மெதுவா "ஆடு சினையா இருந்துச்சு"ன்னாங்க. அந்த ஆடு செத்துப்போச்சு. இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன், ஆடு முக்கியமா உசுரு முக்கியமான்னு சத்தம் போட்டிருப்பேன். அது அவங்களுக்குத் தெரியும், அதான் சொல்லலை.

அதே ராத்திரி இன்னொன்னும் நடந்துச்சு. எங்க ஊரு ஒரத்தநாடு பக்கம். கடல்ங்கறது எங்களுக்கு வேளாங்கண்ணி போறப்ப பாக்கற ஒரு விஷயம், அவ்வளவுதான். நான் கடற்கரையில நின்னுக்கிட்டு ஊர்ல அப்பா அம்மா பத்திரமா இருக்காங்கன்னு நிம்மதியா இருந்தேன். கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறிட்டு சீக்கிரம் வலு குறையாம உள்ள வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, புதுக்கோட்டைன்னு தென்னந்தோப்பு தென்னந்தோப்பா சாய்ச்சுட்டுப் போயிருச்சு. எங்கப்பா பேர்ல இருந்த தோப்புல நின்ன மரத்தை விரல் விட்டு எண்ணிரலாம். ஒரு தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அப்பாவுக்கு அப்ப அறுபத்தி ரெண்டு வயசு. மின்கம்பம் மட்டும் லட்சத்துக்கு மேல விழுந்துச்சு, சில ஊர்ல கரண்ட் வர வாரக்கணக்கா ஆச்சு. கடலோரத்துல 80,000 பேருக்கு மேல முன்னாடியே வெளியேத்துனது உண்மையிலேயே பெரிய வேலை, அதனால நெறைய உசுரு தப்புச்சு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எல்லாரும் கடலையே பாத்துக்கிட்டு இருந்தோம். 2004 சுனாமி மனசுல அவ்வளவு ஆழமா பதிஞ்சுபோனதால ஆபத்துன்னாலே தண்ணின்னு நெனச்சுட்டோம், காத்து உள்நாட்டுக்குள்ள இவ்வளவு தூரம் இவ்வளவு வேகத்தோட வந்தா என்ன ஆகும்னு யாரும் ஒக்காந்து யோசிச்ச மாதிரி தெரியலை. நானும் யோசிக்கலை.

இந்த ரெண்டும்தான் என்னை அடுத்த வேலைக்கு இழுத்துட்டுப் போச்சு. 2019-ல கடலோர கிராமங்களுக்கு வெளியேற்றத் திட்டம் போடற ஒரு வேலையில சேந்தேன். அதுல என்னோட பெங்களூர்ல நடத்தை அறிவியல் படிச்ச ஒரு தம்பி, டிசைன் படிச்ச ஒரு பொண்ணு, அப்புறம் எங்களுக்கெல்லாம் மூத்தவர், ரிட்டயர்டு வருவாய்த்துறை அதிகாரி ஒருத்தர். அவரை நாங்க எல்லாரும் ஐயான்னுதான் கூப்பிடுவோம். எதிர்காலத்தை முன்கூட்டி யோசிக்கறது, மனுஷன் நெஜமா எப்படி முடிவெடுக்கறான்னு பாக்கறது, பயன்படுத்தறவங்களோட ஒக்காந்து வடிவமைக்கறது, இந்த மூணையும் சேத்து திட்டம் போடணும்ங்கறது எங்களுக்குக் கொடுத்த வேலை. அதே 2019 ஜூலையில வந்த மத்திய அரசோட பொருளாதார ஆய்வறிக்கையில கூட நடத்தை பொருளாதாரத்துக்குன்னு தனி அத்தியாயம் போட்டிருந்தாங்க, அதனால ஆபீசர்களும் அந்த சமயத்துல காது கொடுத்துக் கேட்டாங்க. இதே மாதிரி வேலையில இருக்கறவங்களுக்கு, இனிமே வரப்போறவங்களுக்கு உதவும்னுதான் நாங்க கத்துக்கிட்டதை எழுதறேன்.

முதல்ல கேள்வி கேக்கற விதம். ஆரம்பத்துல நாங்க ஒரு படிவம் அடிச்சுட்டுப் போனோம், "எச்சரிக்கை வந்தும் ஏன் வெளியேறவில்லை?"ன்னு முதல் கேள்வி. எல்லாரும் ஒரே பதில், "தெரியலைங்க", "அவ்வளவு பெருசா வரும்னு நெனைக்கலைங்க". ஏன் செய்யலைன்னு கேட்டா அது குத்தவாளியை விசாரிக்கற மாதிரி, யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. அந்த தம்பிதான் மாத்துனான். படிவத்தை மடிச்சு பையில வெச்சுட்டு, "அக்கா, அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டதுல இருந்து ஆரம்பிங்க, மணிக்கு மணி என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சான். அப்படியே கொட்டுச்சு. மூணு மணிக்கு ஆட்டோவுல மைக்கு கட்டி சொன்னாங்க, நாலு மணிக்கு வீட்டுக்காரர் படகை இழுத்து மேட்டுல ஏத்தப் போயிட்டாரு, அவரு வராம நான் எப்படிக் கிளம்பறது, ஆறு மணிக்கு வந்தாரு, அதுக்குள்ள மழை புடிச்சுருச்சு, மாமியாரால நடக்க முடியாது, ஏழு மணிக்கு சோறு வடிச்சோம், எட்டு மணிக்கு கரண்ட் போச்சு, இனிமே எங்க போறதுன்னு படுத்துட்டோம். இதுல எங்கயும் "நான் போகமாட்டேன்"னு ஒரு முடிவே இல்ல பாருங்க. ஒவ்வொரு மணி நேரமா தள்ளிப்போய் தள்ளிப்போய் கடைசியில வழியில்லாம போயிருக்கு. அரசாங்கம் தன் பைல்ல "வெளியேற மறுத்தவர்கள்"னு எழுதற ஆளுங்கள்ல பாதிப் பேரு மறுக்கவே இல்ல.

இன்னொரு பதில் அடிக்கடி வந்துச்சு. "சுனாமியிலயே தண்ணி அந்த புளியமரம் வரைக்கும்தான் வந்துச்சு, எங்க வீடு அதுக்கு மேல." நேர்ல பாத்த பெரிய ஆபத்தை மனசு எல்லைக்கோடா போட்டுக்கும், அதைத் தாண்டி ஒன்னு வரும்னு நம்பாது. அதுக்கு நேர் எதிரா 2016-ல நடா புயல், பயங்கரமா வரும்னு சொல்லி காரைக்கால் பக்கம் வந்து வலுவிழந்து போயிருச்சு, அதை எல்லாரும் ஞாபகம் வெச்சுருந்தாங்க. "அன்னிக்கும் இப்படித்தான் சொன்னாங்க, போய் ஒரு ராத்திரி கொசுக்கடியில கெடந்துட்டு வந்தோம்"னு ஒரு அக்கா சொன்னாங்க. அவங்களை எப்படித் தப்பு சொல்றது? அவங்க அனுபவத்துல இருந்து அவங்க கணக்கு சரிதான்.

அப்புறம் அந்த மைக்கு அறிவிப்பு. இதைப் பத்தி எனக்கு இன்னும் ஆறலை, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். வழக்கமா என்ன சொல்லுவாங்க? "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதை அப்படியே ரெக்கார்டு பண்ணிட்டுப் போய் இருபது முப்பது வீட்டுல போட்டுக் காட்டி ஒரே கேள்விதான் கேட்டோம், "இதைக் கேட்டதும் இப்ப நீங்க என்ன செய்வீங்க?" முக்கால்வாசிப் பேரு கைய நீட்டி அடுத்த தெருவைக் காட்டுனாங்க. தாழ்வான பகுதி அவங்கதான், எங்க தெரு மேடு. அந்த அடுத்த தெருவுக்குப் போனா அவங்க உப்பளத்தை ஒட்டி இருக்கற குடிசைகளைக் காட்டுனாங்க. தாழ்வான பகுதின்னு யாருமே தன் வீட்டை நெனைக்கலை. பாதுகாப்பான இடம் எதுன்னு கேட்டா அதுக்கும் ஆளுக்கொரு பதில், சிலருக்கு அது அண்ணன் வீடு, சிலருக்கு கோயில் மண்டபம்.

புயல் கூண்டு நம்பர் கதையும் இதே மாதிரிதான். துறைமுகத்துல எட்டாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சுன்னு டிவியில சொன்ன உடனே ஊருக்குள்ள, சரி எட்டுதானே, பத்து ஏத்தட்டும் பாத்துக்கலாம்னு ஒரு பேச்சு ஓடும். நாகப்பட்டினத்துல துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒருத்தர்தான் எங்களுக்கு வெளக்கி சொன்னாரு. அந்தக் கூண்டெல்லாம் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் வெச்ச அடையாளம், கரையில குடியிருக்கறவங்களுக்காக உண்டாக்குனது இல்ல. 1, 2 புயல் தூரத்துல இருக்குன்னு, 3, 4 உள்ளூர் எச்சரிக்கை, 5, 6, 7 அபாயம், 8, 9, 10 பெரிய அபாயம். 8-க்கும் 10-க்கும் வித்தியாசம் புயலோட பலத்துல கெடையாது, புயல் அந்தத் துறைமுகத்துக்கு இடது பக்கமா கடக்குமா, வலது பக்கமா கடக்குமா, நேரா துறைமுகம் மேலயே வருமாங்கறதுதான். அதாவது எட்டுன்னு கேட்டு ஒருத்தர் வீட்டுலயே இருந்தா, பத்துக்கு உண்டான அதே புயல் அவர் தலைக்கு மேல வரலாம். இத்தனை வருஷமா நியூஸ்ல கேட்டுக்கிட்டு இருக்கேன், டிகிரி படிச்சவ, எனக்கே தெரியாது. ஒரு தகவல் சரியா இருந்தா போதாது, அதைக் கேக்கற ஆளு அதை என்னவா புரிஞ்சுக்கறாங்கன்னு பாக்கற வேலையும் தகவல் சொல்றவங்களோடதுதான்னு அன்னிக்கு முடிவு பண்ணுனோம்.

டிசைன் படிச்ச பொண்ணு அறிவிப்பை திரும்பத் திரும்ப மாத்தி எழுதுச்சு. ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு வீட்டுல போட்டுக் காட்டி மறுபடி அதே கேள்வி. கடைசியா வந்தது இப்படி இருந்துச்சு: "மாரியம்மன் கோயில் தெரு ஆளுங்களுக்குச் சொல்றோம். இன்னிக்கு ராத்திரி காத்து ஓலை வீட்டையும் ஓட்டு வீட்டையும் பிச்சுரும். மூணு மணிக்கு தண்ணி டேங்க் கிட்ட வேன் நிக்கும், கடைசி வேன் அஞ்சு மணிக்கு. ஹைஸ்கூலுக்குப் போறோம். ஆடு மாட்டைக் கூட்டிட்டு வாங்க, கட்ட இடம் இருக்கு. ஸ்மார்ட் கார்டு, பாஸ்புக், மாத்திரை எடுத்துக்குங்க." தெரு பேரு, நேரம், எடம், என்ன எடுக்கணும், எல்லாம் பேச்சுத் தமிழ்ல. ஐயா முதல்ல ஒத்துக்கலை, அரசாங்க அறிவிப்பு இப்படியா இருக்கும்னாரு. அப்புறம் அவரே ரெண்டு வீட்டுல போட்டுக் காட்டிட்டு வந்து, இதையே வெச்சுக்கலாம்மான்னு சொன்னாரு.

யாரு சொல்றாங்கங்கறதும் முக்கியம். புதுச்சேரி பக்கம் நல்லவாடுன்னு ஒரு மீனவ கிராமம். 2004 சுனாமி அன்னிக்கு அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்து டிவியில பாத்துட்டு வீட்டுக்குப் போன் பண்ணி சொன்னாரு, அங்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைச்ச கிராம அறிவு மையத்துல ஒலிபெருக்கி இருந்துச்சு, அதுல ஊர் ஆளுங்களே சொல்லி மூவாயிரம் பேருக்கு மேல தப்பிச்சாங்க. செயற்கைக்கோள் தகவல் எதுவும் அந்த நேரத்துல அவங்க கைக்கு வரலை, தெரிஞ்ச குரல் ஒன்னு தெரிஞ்ச ஸ்பீக்கர்ல வந்துச்சு, நம்புனாங்க, ஓடுனாங்க. அதனால நாங்களும் ஆட்டோ மைக்கை மட்டும் நம்பாம, ஊர்த் தலைவரான நாட்டார் ஒருத்தர், மகளிர் குழு அக்கா ஒருத்தர், உப்பளத்து மேஸ்திரி ஒருத்தர்னு தெருவுக்குத் தெரு குரலைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லணும். ஒரு மீட்டிங்ல ஒருத்தர் ஒரு யோசனை சொன்னாரு. அமெரிக்காவுல டெக்சாஸ்ல ராக்போர்ட்ங்கற ஊர்ல 2017 ஹார்வி புயலப்ப, போகமாட்டேன்னு அடம் புடிச்சவங்களை கையில பேரையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் மார்க்கர்ல எழுதிக்கச் சொன்னாங்களாம், பொணத்தை அடையாளம் காண்றதுக்காக. நாமளும் ஆதார் நம்பரை எழுதச் சொல்லலாம்னாரு. பயமுறுத்துனா அந்த ஒரு தடவை கிளம்புவாங்க, அது நெஜம். ஆனா அந்தப் புயல் வழி மாறிப் போயிருச்சுன்னா அடுத்த தடவை நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க. அதோட, ஆடு சினையா இருக்குன்னு சொல்ல பயந்த பாட்டி கையில நம்பர் எழுதறதுக்கு எனக்கு மனசு வரலை. வேணாம்னு நாங்க நாலு பேரும் சேந்து சொன்னோம்.

பாதுகாப்பு மையம்னு காட்டுன கட்டடத்துல நாங்களே ஒரு ராத்திரி படுத்துப் பாத்தோம். இதை மட்டும் எல்லாரும் செய்யுங்க, செலவே கெடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் காலையில ஆறு மணிக்கு வந்தோம், மகளிர் குழுவுல இருந்து பத்து பன்னண்டு பொம்பளைங்களும் வந்தாங்க. பகல்ல பாக்கறப்ப நல்ல கட்டடம். ராத்திரியில பாத்தா கக்கூஸ் பின்பக்கம், போற வழியில லைட் இல்ல, ரெண்டுல ஒன்னுக்கு உள்தாழ்ப்பா இல்ல. கூட வந்த அக்காங்க சாயங்காலத்துல இருந்து தண்ணியே குடிக்கலை, ஏன்னு கேட்டப்பதான் சொன்னாங்க, கஜா அன்னிக்கும் இப்படித்தான் இருந்தோம், வயசுப் பொண்ணு இருக்கறவங்க பாதிப் பேரு அதனாலதான் வரலைன்னு. மாதவிலக்கு நேரத்துல இருக்கற பொண்ணை எப்படிக் கூட்டிட்டு வர்றது? செல்போன் சார்ஜ் போட அந்த ஹால்ல ரெண்டே ரெண்டு பாயிண்ட். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவு இல்ல. ஒரு தாழ்ப்பா, நாலு பல்பு, ஒரு துணித் தடுப்பு, இதுக்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? 1991-ல வங்கதேசத்துல ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல செத்த புயல்ல ஆம்பளைங்களை விட பொம்பளைங்க ரொம்ப அதிகம். அதுக்கப்புறம் அங்க தன்னார்வலர்கள்ல பொம்பளைங்களையும் நெறைய சேத்தாங்க, கால்நடைக்குன்னு மண்ணைக் கொட்டி மேடு கட்டற வழக்கமும் அங்க உண்டு, அதை கில்லான்னு சொல்லுவாங்க. ஆட்டுக்கு எடம் வேணும்னு நாங்க எழுதுனப்ப சிலருக்கு வேடிக்கையா இருந்துச்சு, இந்த உதாரணத்தைச் சொன்ன பிறகுதான் பைல்ல ஏறுச்சு. நம்ம பக்கத்துல ஒடிசாவையே எடுத்துக்குங்க, 1999 புயல்ல கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரு செத்தாங்க, 2013 பைலின் புயல் வந்தப்ப பத்து லட்சம் பேரு அளவுக்கு முன்னாடியே நகர்த்தி சாவை அம்பதுக்குள்ள வெச்சாங்க. வானிலைக் கணிப்பு முன்னேறுனது ஒரு காரணம், வருஷாவருஷம் ஊர் ஊரா ஒத்திகை பாத்து, கட்டடமும் கட்டி, ஆளுங்களோட நம்பிக்கையைச் சேத்தது இன்னொரு காரணம்.

சாதி. இதை எழுதாம விட்டா பொய் எழுதுன மாதிரி. மீட்டிங்ல யாரும் வாயைத் திறக்கலை, மணிக்கு மணி கதை கேட்டப்பதான் வந்துச்சு, "அந்த ஸ்கூலு அவங்க தெருவுல இருக்கு." ரெண்டு பக்கமும் சொன்னாங்க, ஆனா ரெண்டும் ஒன்னு இல்ல. ஒரு பக்கத்துக்கு அது கௌரவம், இன்னொரு பக்கத்துக்கு அங்க போனா என்ன பேச்சு கேக்கணுமோங்கற பயம். தனித்தனியா ரெண்டு மையம் வெச்சுரலாமேன்னு சுலபமா ஒரு யோசனை வந்துச்சு, பிரச்சினையே இருக்காதுன்னு. நாங்க ஒத்துக்கலை. அரசாங்கப் பணத்துல தீண்டாமைக்குக் கட்டடம் கட்டறதை எந்த நடத்தை அறிவியலும் நியாயப்படுத்த முடியாது. மெயின் ரோட்டு மேல எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஹைஸ்கூலைத் தேர்ந்தெடுத்தோம், சமையலுக்கு ரெண்டு பக்கத்துலயும் ஆள் போட்டோம். முழுசா சரியாச்சான்னா இல்ல, சில குடும்பம் வீட்டுல இருந்து கட்டுச்சோறு கொண்டாந்து தனியா சாப்பிட்டாங்க. ஆனா ஒரே கூரைக்குக் கீழ இருந்தாங்க.

எதிர்காலத்தை யோசிக்கற வேலையை நாங்க பள்ளிக்கூட வராண்டாவுல தரையில சாக்பீஸால ஊர் வரைபடம் போட்டுத்தான் செஞ்சோம். புயல் வருமா வராதான்னு கேக்கலை. வந்துருச்சு, ராத்திரி ரெண்டு மணி, செல் டவர் இல்ல, ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, இப்ப என்ன பண்ணுவீங்கன்னு ஆரம்பிச்சு, பாதியில நான் ஒரு சீட்டை எடுத்துப் படிப்பேன். "பஞ்சாயத்து தலைவர் கல்யாணத்துக்கு திருச்சி போயிருக்காரு." "பிரசவ வலி ஒருத்தருக்கு." அப்படி ஒரு சீட்டுலதான் ஹைஸ்கூல் சாவி யார்கிட்ட இருக்குன்னு ஒரு பையன் கேட்டான். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. சாவி ஹெட்மாஸ்டர் கிட்ட, அவர் வீடு வேற டவுன்ல. எழுபது பக்கத்துக்கு இருந்த பழைய திட்டத்துல பிளாக் வாரியா போன் நம்பர் எல்லாம் இருந்துச்சு, சாவி இல்ல. அன்னிக்கே ரெண்டாவது சாவி போட்டு ஸ்கூலுக்கு எதிர் வீட்டு அம்மா கிட்ட கொடுக்க ஏற்பாடு பண்ணுனோம். இன்னொரு சீட்டுல தண்ணியே வரலை, வெறும் காத்து மட்டும்னு போட்டோம், கஜா எங்கப்பா தோப்புக்குச் செஞ்சதை மனசுல வெச்சு. அதுல கைப்பம்பு, ஜெனரேட்டருக்கு டீசல், மரம் அறுக்கற மிஷின் எத்தனை, யார் வீட்டுலன்னு ஒரு லிஸ்ட் வந்துச்சு.

அதுக்கடுத்து கொஞ்சம் தூரமா போனோம், 2035-ல இந்த ஊர் எப்படி இருக்கும்னு குழு அக்காங்களை வரையச் சொன்னோம். கடல் இன்னும் கொஞ்சம் உள்ள வந்துருக்கும், கேணித் தண்ணி உப்பாயிருக்கும்னு வரைஞ்சாங்க, அதெல்லாம் எதிர்பாத்ததுதான். வீடு வீடா ஆள் வரைஞ்சப்பதான் ஒரு பெரியம்மா நிறுத்துனாங்க. "எம்மவன் சிங்கப்பூர்ல, அவ மவன் திருப்பூர்ல, இவ மவன் மெட்ராஸ்ல. நீங்க பிளான்ல இளைஞர் தன்னார்வலர் தூக்குவாங்கன்னு போட்டுருக்கீங்க, எங்களைத் தூக்க யாரு இருப்பா?" தமிழ்நாட்டுல 60 வயசுக்கு மேல உள்ளவங்க 2021-ல 13.6 சதவீதம், 2031-ல 18.2 சதவீதம் ஆகும்னு மத்திய அரசோட கணிப்பே சொல்லுது, கேரளாவுக்கு அடுத்து நாமதான். அந்த நம்பரை நான் எத்தனையோ பிரசன்டேஷன்ல பாத்துருக்கேன், புயல் ராத்திரியோட சேத்துப் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு பேரால தள்ளக்கூடிய வீல் ஸ்ட்ரெச்சர், நடக்க முடியாதவங்களை முதல் நாளே காலையில கூட்டிட்டுப் போற தனி வேன், ரெண்டும் திட்டத்துல சேந்துச்சு.

நேரம் பத்தி ஒன்னு. ஒத்திகையை முதல்ல மே மாசம் வெச்சோம், ஆளே வரலை. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம், வேலை இல்லாம இருப்பாங்க, வசதியா வருவாங்கன்னு நாங்க நெனச்சோம். நெஜத்துல அது கடனோட அல்லாடற காலம், நகை அடகுல, வட்டி நாள் எண்ணிக்கிட்டு இருப்பாங்க. அப்பதான் அந்த தம்பி ஒரு ஆய்வைச் சொன்னான், 2013-ல வந்தது, அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ செஞ்சது. நம்ம தமிழ்நாட்டுலயே 54 கிராமத்துல 464 கரும்பு விவசாயிங்களை அறுவடைக்கு முன்னாடி கையில காசில்லாதப்பவும், அறுவடை முடிஞ்சு காசு வந்தப்பவும் ஒரே மாதிரி புத்திச் சோதனை வெச்சுப் பாத்தாங்க. அதே ஆளு, காசு இல்லாதப்ப மோசமாவும் காசு வந்தப்ப நல்லாவும் செஞ்சுருக்காரு. பணக்கஷ்டம் மண்டையில எடத்தைப் புடிச்சுக்குது, வேற எதையும் யோசிக்க எடம் இல்ல. எங்க ஊரு விவசாயியை வெச்சே கண்டுபிடிச்ச உண்மை எங்களுக்கே தெரியலை. ஒத்திகையை தடைக்காலம் முடிஞ்சு கொஞ்சம் காசு பொழங்குற ஆகஸ்டுக்கு மாத்துனோம். 12 பக்க கையேட்டை ஒரு பாலிதீன் கவரா மாத்துனோம், ஸ்மார்ட் கார்டு, பட்டா, பாஸ்புக், மாத்திரைச் சீட்டு உள்ள போட்டு ஆணியில மாட்ட வேண்டியது, கவர் மேலயே வேன் நேரமும் எடமும் எழுதியிருக்கும்.

நோட்டையும் மாத்துனோம். டிக் போடற கட்டத்தை எடுத்துட்டு, பேருக்கு நேரா "எதை விட்டுட்டு வரமுடியாது?"ன்னு ஒரு கட்டம். படகு, இன்ஜின், மாமியார், டிவி, கன்னுக்குட்டின்னு அது நெறைஞ்சுது. அதைப் பாத்துத்தான் படகு கட்ட கயிறும், இன்ஜின் வெக்க ஒரு ரூமும் ஏற்பாடாச்சு.

2020 நவம்பர்ல நிவர் புயல் வந்துச்சு. நாங்க போட்ட அத்தனை சீட்டுலயும் கொரோனா மாதிரி ஒன்னு இல்ல. ஒரு ஹால்ல முன்னூறு பேருன்னு எழுதுனது பாதியா கொறஞ்சுது, முகக்கவசம் வேற, அவசர அவசரமா இன்னும் ரெண்டு கட்டடம் புடிச்சோம். ஜனங்க வந்தாங்க. நிவர் வடக்க போய் மரக்காணம் பக்கம் கரையேறிருச்சு, எங்களுக்குப் பெருசா ஒன்னும் இல்ல. காலையில அவங்க திரும்பிப் போறப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு, மறுபடி ஒரு நடா கதை ஆயிருமோன்னு. அன்னிக்கு சாயங்காலமே மேப்பை எடுத்துக்கிட்டு தெருத்தெருவா போனோம். நேத்து எந்த எடத்துல இருந்தப்ப என்ன கணிச்சாங்க, எங்க திரும்புச்சு, திரும்பாம வந்துருந்தா இந்தத் தெருவுல என்ன ஆயிருக்கும்னு ஒவ்வொரு தெருவுலயும் பத்து நிமிஷம் நின்னு சொன்னோம். வந்ததுக்கு நன்றியும் சொன்னோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரலை, எந்தத் திட்டத்துலயும் இல்ல, ஆனா இந்த வேலை முழுக்க நான் செஞ்சதுல இதுதான் ரொம்ப முக்கியம்னு இன்னிக்கும் நெனைக்கறேன்.

ஏன்னா ஒரே வாரத்துல புரெவி புயல் வந்துருச்சு. டிசம்பர் முதல் வாரம், இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள்ள நின்னுக்கிட்டு நகராம மழையா கொட்டுச்சு. மறுபடி அதே தெரு, அதே நோட்டு. தெருக்கோடி வீட்டுக்குப் போறதுக்குள்ள அந்தப் பாட்டி எதிர்ல வந்துட்டாங்க, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு, கையில கயிறு, கக்கத்துல அந்த பாலிதீன் கவர். நோட்டுல அவங்க கட்டத்துல ஆடு 2-ன்னு இருந்துச்சு. "மூணாக்கிக்க பாப்பா, போன வெள்ளிக்கிழமை ஒன்னு குட்டி போட்டுருக்கு"ன்னாங்க. அடிச்சுட்டு மூணுன்னு எழுதுனேன், வேன் தண்ணி டேங்க் கிட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு.